30 வாரம், பிரஷர் 142/92, உடம்பில் ஒரு வலியும் இல்லை: பிரீஎக்லாம்சியா பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். தலைப்பிரசவம், இப்போது 30 வாரம். இன்று கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) பிரஷர் எடுத்தார், 142/92. கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடியும் எடுத்தார், 140/90. சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ் என்றார். டாக்டர் பார்த்துவிட்டு, நாளைக்கு ரத்தம் எடுக்க வரச் சொன்னார். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் சேர்க்கப் பெரிய போத்தல் ஒன்றும் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. கால் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மாமியார், “ஏழாம் மாசத்தில் கால் வீங்காதவள் யாரும்மா? உப்பைக் குறை, பார்லித் தண்ணீர் குடி, வடிந்துவிடும்” என்கிறார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் டாக்டர் “பிரீஎக்லாம்சியாவாக இருக்கலாம்” என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நன்றாகத்தானே இருக்கிறேன், உள்ளே அப்படி என்ன நடக்கிறது? வீட்டுக்காரர் மில்லில் இரவு ஷிஃப்ட். ராத்திரியில் நானும் மாமியாரும் மட்டும்தான்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்மா. உன் கிளினிக்கில் செய்தது அத்தனையும் சரி. நாளைக்குக் கட்டாயம் போ.

நன்றாகத்தானே இருக்கிறேன் என்கிறாயே, இந்த நோயின் குணமே அதுதான். 142 பிரஷர் வலிக்காது. சிறுநீரில் புரதம் போவது கண்ணுக்குத் தெரியாது. கருவியும் சிறுநீர்ச் சோதனையும் இல்லாமல் இதை ஆரம்பத்தில் பிடிக்கவே முடியாது. ஒவ்வொரு முறை கிளினிக் வரும்போதும் “ஒன்றும் இல்லையே, எதற்கு இந்தக் குப்பி” என்று கேட்கிற பெண்களிடம் நான் வேலையில் இருந்த காலம் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். கரு தங்கிய முதல் சில மாதங்களில், நஞ்சுக்கொடியின் அணுக்கள் கருப்பைச் சுவரில் இருக்கிற சுருள் சுருளான சின்ன ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அகலமாக்க வேண்டும். அப்போதுதான் வளர்கிற பிள்ளைக்குப் போதிய ரத்தம் போகும். சிலருக்கு இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. குழாய்கள் குறுகலாகவே இருக்க, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல் போகிறது. ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அவை உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. குழாய்கள் இறுகுவதால் பிரஷர் ஏறுகிறது. சிறுநீரக வடிகட்டி ஒழுகுவதால் புரதம் போகிறது. ஈரல், மூளை, நுரையீரல் என்று எதையும் இது தொடலாம். அதனால் இதை வெறும் ரத்தக் கொதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

20 வாரத்துக்கு மேல், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை 140/90 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே சிறுநீரில் புரதமும் இருந்தால் பிரீஎக்லாம்சியா. புரதம் இல்லாவிட்டாலும் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைவு, ஈரல் அல்லது சிறுநீரகக் கோளாறு, விடாத தலைவலி, பார்வை மங்கல் என்று ஏதாவது சேர்ந்தால் அதுவும் இதே நோய்தான். ஒரு பிளஸை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்ட மாட்டார்கள். அதற்குத்தான் போத்தல்.

கால் வீக்கத்தைப் பற்றி உன் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்குக் கால் வீங்கும், அதை வைத்து மட்டும் நோய் என்று சொல்வதில்லை. ஆனால் காலையில் எழும்போதே முகம் உப்பியிருந்தால், மோதிரம் திடீரென்று கழற்ற வராவிட்டால், ஒரே வாரத்தில் எடை சட்டென்று ஏறினால், காட்ட வேண்டும். பார்லித் தண்ணீர் குடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் அது இந்த நோய்க்கு மருந்து இல்லை. உப்பை அடியோடு நிறுத்துவதாலும் இது அடங்காது. வீக்கம் வடியட்டும் என்று யாராவது நீர் இறக்குகிற மாத்திரை வாங்கித் தந்தால் தொடாதே.

இதை முழுக்கத் தீர்ப்பது பிரசவம் ஒன்றுதான், பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளியே வர வேண்டும். அதுவரை பிரஷர் மாத்திரை உன்னைக் காப்பாற்றும், பிள்ளைக்கு வளர நாள் வாங்கித் தரும். கட்டுக்குள் இருந்தால் 37 வாரம் வரை கொண்டுபோவார்கள். மோசமானால் முன்னதாகவே எடுத்துவிடுவார்கள்.

லேப் தம்பி

அக்கா, அந்தப் போத்தலைப் பற்றி நான் சொல்கிறேன். தப்பாகச் சேர்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறவர்களை லேப்பில் அடிக்கடி பார்க்கிறேன்.

காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைச் சேர்க்காதீர்கள், கழிவறையிலேயே விட்டுவிடுங்கள். அந்த மணியைப் போத்தல் மேல் எழுதுங்கள். ஏழு மணி என்றால், அதிலிருந்து போகிற ஒவ்வொரு முறையும், இரவில் எழுந்து போவது உட்பட, எல்லாம் போத்தலுக்குள் போக வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போகிற முதல் சிறுநீரையும் சேர்த்து மூடிவிடுங்கள். நடுவில் ஒரு முறை விட்டுப்போனாலும் கணக்குக் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும். மறந்துவிட்டால் மறைக்காமல் மிஸ்ஸியிடம் சொல்லிவிடுங்கள். வாயகன்ற சுத்தமான டப்பாவில் பிடித்து ஊற்றினால் சிந்தாது. வெயில் படாமல் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். 24 மணி நேரத்தில் 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் புரதம் இருந்தால் அது அதிகம். இப்போது சில இடங்களில் ஒரே ஒரு மாதிரியை வைத்துப் புரதம், கிரியாட்டினின் விகிதம் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

ரத்தத்தில் தட்டணுக்கள், ஈரல், சிறுநீரகம், யூரிக் அமிலம் பார்ப்பார்கள். தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போனால்தான் பெரிய கவலை.

லிந்தாங் மகள்

தங்கச்சி, உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. எனக்கு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

இரண்டாவது பிள்ளைக்கு 34 வாரம். ஒரு சாயங்காலம் நெஞ்சுக்குழியில் வலி ஆரம்பித்தது. வலது பக்க விலாவுக்குக் கீழே யாரோ உள்ளேயிருந்து அழுத்துகிற மாதிரி வலி. மத்தியானம் நேரம் தவறிச் சாப்பிட்டிருந்தேன். எல்லாரும் காஸ்ட்ரிக் என்றார்கள். பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள், வெள்ளை மருந்து கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். எட்டு மாத வயிறு கண் முன்னால் இருக்கிறது, யாரும் பிரஷர் எடுக்கவில்லை. இதை நினைக்கும்போது இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ராத்திரி வாந்தி. வலி முதுகுக்குப் போனது. அம்மாதான், “இது காற்று இல்லை, கிளம்பு” என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் பிரஷர் 170க்கு மேல். ரத்தம் எடுத்துப் பார்த்து ஹெல்ப் (HELLP) என்றார்கள். சிவப்பணுக்கள் உடைகின்றன, ஈரல் கெடுகிறது, தட்டணுக்கள் குறைகின்றன, மூன்றும் சேர்ந்து வருகிற கடுமையான வகை. வலி வயிற்றில் இருந்து வரவில்லை, ஈரல் வீங்கி வந்த வலி. அன்று இரவே ஆபரேஷன். மகன் சின்னவனாகப் பிறந்து குழந்தைகள் தீவிரப் பிரிவில் இருந்தான். இப்போது தமிழ்ப்பள்ளிக்குப் போகிறான், படு சுட்டி.

கர்ப்பத்தின் பின்பாதியில் நெஞ்சுக்குழி வலி வந்தால், காஸ்ட்ரிக் மருந்து வாயில் போடுவதற்கு முன்னால் பிரஷர் எடுக்கச் சொல். அவர்கள் எடுக்காவிட்டால் நீயே கேள். “நான் பிள்ளைத்தாய்ச்சி, பிரஷர் பாருங்கள்” என்று சத்தமாகக் கேள்.

மூன்று பேரன்களின் பாட்டி

நான் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் லயத்து வீட்டில்தான் பெற்றோம். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டே நிறைமாதம் வரை இருந்தோம், இந்தப் பெயரெல்லாம் கேட்டதில்லை. இப்போது மட்டும் ஏன் இத்தனை பேருக்கு வருகிறது? சாப்பாடுதான் காரணமா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

அம்மா, நல்ல கேள்வி. அப்போதும் வந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் ஜன்னி கண்டு செத்துப்போனாள் என்று உங்கள் காலத்தில் யாரையாவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளி, கண் மேலே செருகி. சில வீடுகளில் பேய் பிடித்தது என்று பூசாரியைக் கூப்பிட்டார்கள். அவற்றில் பல இந்த நோய் முற்றி வந்த வலிப்புதான். பிரஷர் அளக்க ஆள் இல்லாததால் பெயர் இல்லாமல் போனது. தோட்டத்து மருந்தகத்தில் டிரெசர் (மருத்துவ உதவியாளர்) ஒருவர், பிரசவத்துக்கு மருத்துவச்சி ஒருவர், அவ்வளவுதானே இருந்தது. 1991 முதல் மலேசியாவில் ஒவ்வொரு பிரசவகால மரணத்தையும் தனித்தனியே விசாரித்து, எங்கே தவறியது என்று பார்க்கிற முறை இருக்கிறது. ரத்தப்போக்கு, ரத்தக் குழாய் அடைப்பு இவற்றோடு ரத்தக் கொதிப்பும் முக்கியக் காரணங்களில் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது.

சாப்பாட்டால் மட்டும் வருவதில்லை அம்மா. தலைப்பிரசவம், இரட்டைப் பிள்ளை, முன்பே ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, சிறுநீரக நோய், 40 வயதுக்கு மேல் கர்ப்பம், அதிக எடை, தாய்க்கோ அக்காவுக்கோ வந்திருப்பது, இவை எல்லாம் ஆபத்தைக் கூட்டும். நம் பெண்களிடம் நீரிழிவும் எடையும் கூடியிருக்கிறது, பிள்ளை பெறுகிற வயதும் தள்ளிப்போகிறது. அதோடு ஒன்று, உங்களுக்கு வரவில்லை என்பதால் மருமகளுக்கு வராது என்று சொல்ல முடியாது. எந்த ஆபத்தும் இல்லாத பெண்ணுக்கும் வருகிறது. இது அவள் செய்த குற்றம் இல்லை.

மூன்று பேரன்களின் பாட்டி

என் சின்னம்மா அப்படித்தான் போனார். பிள்ளை பிறந்து மறுநாள். காற்று சேட்டை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தப் பொண்ணிடம் சொல்லுங்கள், மாமியார் என்ன சொன்னாலும் கிளினிக்குக்குப் போகட்டும்.

செம்பனை லோரி

மிஸ்ஸி அக்கா, எனக்கும் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள். நான் ராத்திரி லோரி ஓட்டுகிறவன். வலிப்பு வந்தால் வீட்டில் இருக்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? இரும்புச் சாவி கையில் கொடுப்பார்களே.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

சாவி வேண்டாம் தம்பி. வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் விடக் கூடாது. இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். சுற்றி இடிக்கிற பொருளை நகர்த்துங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கொடுக்காதீர்கள், புரை ஏறிவிடும். உடனே ஆம்புலன்ஸுக்கு 999 அழையுங்கள். “கர்ப்பிணி, வலிப்பு” என்ற இரண்டு வார்த்தையை முதலில் சொல்லுங்கள். வலிப்பு நின்று அவள் கண் விழித்தாலும் போகத்தான் வேண்டும், அடுத்தது வரலாம்.

ஆஸ்பத்திரியில் மக்னீசியம் சல்பேட் ஏற்றுவார்கள். 2002ல் வெளியான மெக்பை ஆய்வில், 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். இந்த மருந்து வலிப்பு ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது. ஏற்றும்போது உடம்பெல்லாம் தணலாகக் கொதிக்கும், முகம் சிவக்கும். பயந்து ஊசியைப் பிடுங்கப் பார்க்கிற பெண்கள் உண்டு. இது மருந்தின் இயல்புதான் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் தாங்கிக்கொள்வார்கள்.

வலிப்பு வரை விடக் கூடாது என்பதுதான் என் கவலை. பனடோல் போட்டும் விடாத தலைவலி, கண் முன் மின்னல் அல்லது புள்ளி, லிந்தாங் மகள் சொன்ன அந்த நெஞ்சுக்குழி வலி, காரணமில்லாத வாந்தி, மூச்சுத் திணறல், ரத்தக் கசிவு, பிள்ளை அசைவு குறைவது, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 160/110 காட்டினால், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவசரம்.

உங்கள் இருவருக்கும் ஒரே வேலை: இன்றைக்கே பக்கத்து வீட்டில் கார் இருக்கிறவரிடம் பேசி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருவாரா என்று நேராகக் கேளுங்கள். கிளினிக் புத்தகம், ஐசி (அடையாள அட்டை), மாத்திரை மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டுங்கள். வீட்டுக்காரர் ஷிஃப்டில் இருக்கும்போது மில் அலுவலகத்துக்கு யார் போன் செய்வது என்பதும் முடிவாகட்டும். நம் ஊரில் தாமதம் பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் நடக்கிறது.

தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி

புதுச் செய்தி. புரதம் 300க்கு மேல் வந்துவிட்டது. பிரீஎக்லாம்சியாதான். தட்டணு, ஈரல் எல்லாம் நன்றாக இருக்கின்றன. வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு மெத்தில்டோபா என்ற பிரஷர் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரை போட்டால் தூக்கமாக வருகிறது. ஸ்கேனில் பிள்ளை வளர்ச்சி சரி. வீட்டிலும் பிரஷர் பார்க்கச் சொன்னார்கள். மாமியாரே தன் கூட்டு (சீட்டு) காசில் கருவி வாங்கித் தந்தார். அவரேதான் நேரம் பார்த்து என்னை உட்கார வைக்கிறார்.

இன்னொன்று, பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பிரின் போட்டால் இது வராது என்கிறார். நானும் போடலாமா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லும்மா.

ஆஸ்பிரின் தடுக்கத்தான், வந்ததை மாற்றாது. 12 வாரத்திலிருந்து, 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நஞ்சுக்கொடி வேர் பிடிக்கிற காலம் அது. உனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. டாக்டர் சொல்லாமல் நீயாகப் போடாதே.

பிரஷர் எடுக்கும் முறை முக்கியம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார். முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில், கால் மேல் கால் கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல். பேசாதே. மேற்கையில் கட்டுகிற கருவிதான் வேண்டும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேள், சின்னப் பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும். சில கருவிகள் இந்த நோயில் குறைத்தும் காட்டும். ஒரு முறை கிளினிக்குக்கு எடுத்துப்போய் அவர்கள் கருவியோடு ஒப்பிட்டுப் பார். பிள்ளை அசைவுக் கணக்கையும் விடாதே. காலை 9 மணிக்கு எண்ண ஆரம்பி, இரவு 9க்குள் பத்து வந்தாக வேண்டும். வழக்கத்தைவிடக் குறைகிறது என்று தோன்றினாலே கிளம்பு, இரவு 9 வரை பார்க்க வேண்டியதில்லை.

லேப் தம்பி

ஆஸ்பிரின் பற்றி ஒரு தகவல். 2017ல் வந்த ஆஸ்ப்ரி ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கண்ட பெண்களுக்கு 11–14 வாரத்திலிருந்து 36 வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் பிரசவிக்க வைக்கிற பிரீஎக்லாம்சியா 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. அடுத்த பிள்ளைக்கு நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது.

தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி

பெண் குழந்தை! 37 வாரத்தில் வலி வர வைத்தார்கள், சுகப்பிரசவம். எல்லாருக்கும் நன்றி. பிள்ளை பிறந்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை, இப்போது அம்மா வீட்டில் பத்தியம்.

நேற்றுத் தலைக்கு ஊற்றினார்கள். சாயங்காலத்திலிருந்து தலைவலி. தலையில் நீர் கோர்த்திருக்கும், சாம்பிராணி போட்டால் சரியாகும் என்கிறார்கள். பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இனி பிரஷர் வராதல்லவா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

இதைப் படித்தவுடன் பிரஷர் எடு. எடுத்துவிட்டு இங்கே எழுது.

பிரசவத்தோடு நோய் அன்றே போய்விடாதும்மா. பிள்ளை பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பிரஷர் உச்சத்துக்குப் போகும். வலிப்பும் பிரசவத்துக்குப் பிறகு வரலாம், பெரும்பாலும் முதல் இரண்டு நாளில், சிலருக்கு வாரங்கள் கழித்து. சாம்பிராணி போடுவது உங்கள் விருப்பம், ஆனால் கருவிக்குப் பிறகுதான்.

தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி

158/104. மறுபடியும் 156/102.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

இப்போதே அவசரப் பிரிவுக்குப் போ. பதிவு மேசையில் “பிள்ளை பிறந்து ஒரு வாரம் ஆகவில்லை, பிரீஎக்லாம்சியா இருந்தது, தலைவலி” என்று சொல். சொல்லாவிட்டால் சாதாரணத் தலைவலி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியிருக்கும் என்று பயப்படாதே, நிஃபெடிபின், லேபெட்டலால் போன்ற பிரஷர் மருந்துகளோடு பால் கொடுக்கலாம்.

தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி

வார்டில் இருந்து எழுதுகிறேன். மருந்து மாற்றினார்கள், பிரஷர் இறங்கிவிட்டது, தலைவலி போய்விட்டது. குழந்தையும் என்னோடுதான் இருக்கிறது. அம்மா பக்கத்துக் கட்டில்காரரிடம் எல்லாம், “தலைவலி என்றால் முதலில் பிரஷர் பாருங்கள்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி என்ன செய்ய வேண்டும்? அடுத்த பிள்ளை பெறலாமா?

லிந்தாங் மகள்

நல்லவேளை தங்கச்சி! வீட்டுக்கு வந்த பிறகும் மிஸ்ஸி வந்து பார்க்கும் நாட்களைத் தவறவிடாதே. ஆறு வாரத்தில் பிரஷரும் சிறுநீரும் கட்டாயம் பார்க்கச் சொல். எனக்கு மாத்திரை மெதுவாகத்தான் குறைத்தார்கள். இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வருகிற வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்று என் டாக்டர் விளக்கினார். அதனால் வருஷா வருஷம் பிரஷர், சர்க்கரை, கொழுப்புப் பார்த்துக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

பெறலாம்மா. சுமார் ஆறில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது, மற்றவர்களுக்கு வருவதில்லை. முதலில் பிரஷர் முழுக்க இறங்கட்டும், எடை குறையட்டும். அதுவரைக்குமான குடும்பக் கட்டுப்பாட்டு முறையைக் கிளினிக்கில் கேள். கருத்தரிப்பதற்கு முன்பே பார்க்கிற சேவை அரசு கிளினிக்குகளில் இருக்கிறது, அடுத்தது வேண்டும் என்று முடிவு செய்ததுமே அங்கே போ. நாள் தள்ளினால் 12 வாரம் வரை காத்திருக்காமல் பதிந்துகொள், ஆஸ்பிரின் சரியான நேரத்தில் தொடங்க அதுதான் வழி. ஆஸ்பத்திரியில் தருகிற டிஸ்சார்ஜ் தாளில் எத்தனை வாரத்தில் வந்தது, பிரஷர் எவ்வளவு, என்ன மருந்து என்று எல்லாம் இருக்கும். வீடு மாறும்போது தாள் தொலையும், அதனால் இன்றைக்கே போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் ஒன்று அனுப்பி வை.